பேக்கேஜ் விலையை விடுங்கள், அடிக்கணக்கைக் கேளுங்கள்: சேலத்தில் கல்யாணப் பூவும் மேடையும்

டெக்கரேஷன் கடையில் போய் உட்கார்ந்ததும் முதலில் கைக்கு வருவது போட்டோ ஆல்பம். "இந்த மேடை இவ்வளவு, அந்த மேடை அவ்வளவு" என்று பேக்கேஜ் விலை சொல்வார்கள். அந்தப் படத்தில் எத்தனை அடி சரம் தொங்குகிறது, எது நிஜப்பூ, எது துணிப்பூ, எந்த மாதத்தில் எடுத்தது என்று எதுவும் தெரியாது. வைகாசியில் எடுத்த படத்தைக் காட்டித் தை மாதக் கல்யாணத்துக்கு விலை பேசினால், ரோஜா இருந்த இடத்தில் துணிப்பூ வந்து உட்காரும். விலை மட்டும் பேசியபடியே இருக்கும்.

அதனால் படத்தைப் பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியாக இதைக் கேளுங்கள்: இதில் எத்தனை அடி, எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு முடித்துக் கொடுப்பீர்கள்? இந்த மூன்றும் காகிதத்தில் ஏறிவிட்டால் எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்று நீங்களே முடிவு செய்யலாம். எங்கள் தீர்மானம் இதுதான்: மணமக்கள் உடம்பிலும் தலையிலும் மூக்குக்குக் கிட்டேயும் இருக்கிற பூ நிஜப்பூவாக, நல்ல பூவாக இருக்க வேண்டும். பத்தடி தள்ளி நின்று பார்க்கிற எதற்கும் துணி, இலை, விலை மலிந்த பூ போதும். அலங்காரத்துக்கு 100 ரூபாய் ஒதுக்கினால் 40 ரூபாய் மாலைக்கும் தலைப்பூவுக்கும், 35 ரூபாய் மேடைக்கும், 15 ரூபாய் வாசலுக்கும் போகட்டும். மீதி 10 ரூபாயைக் கையில் வைத்திருங்கள். முகூர்த்த நாள் காலையில் அந்தப் பத்து கட்டாயம் தேவைப்படும்.

தேதிதான் முதல் செலவு

பூவிலைக்கும் பஞ்சாங்கத்துக்கும் உள்ள உறவு பூக்கட்டுகிற யாருக்கும் தெரியும், கல்யாண வீட்டார்தான் மறந்துவிடுகிறார்கள். மல்லிகை வெயில் பூ. பங்குனியிலிருந்து ஆனி வரை செடி அள்ளிக் கொடுக்கும். கார்த்திகை, மார்கழிப் பனியில் மொட்டு கட்டுவது குறைந்துவிடும். மார்கழி முழுக்கக் கல்யாணம் இல்லாமல் இருந்துவிட்டுத் தை பிறந்ததும் எல்லா முகூர்த்தமும் சேர்ந்து வரும்போது வரத்து இன்னும் ஏறியிருக்காது. அதனால்தான் தை முதல் முகூர்த்தங்களில் மல்லி விலை சாதாரண நாளைப்போலப் பல மடங்காகிறது. சாமந்தி இதற்கு நேர் எதிர். பகல் குறுகும் பருவத்தில்தான் அது பூக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பனிக்காலத்தில் நிறைய இறங்கும். ஆகவே தை, மாசிக் கல்யாணம் என்றால் மேடையைச் சாமந்தியில் யோசியுங்கள். வைகாசி, ஆனி என்றால் மல்லியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்பிறை முகூர்த்தத்துக்கு வீட்டில் பெரியவர்கள் சம்மதித்தால் மண்டபம், பூ, ஆள் மூன்றிலும் இறக்கம் கிடைக்கும். வளர்பிறை முகூர்த்தமும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வந்தால் பேரம் பேசவே இடமிருக்காது. வரலட்சுமி நோன்பு, விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, பொங்கல் ஆகிய நாட்களுக்கு முந்தின இரண்டு நாட்களையும் பூவுக்கு முகூர்த்த நாளாகவே கணக்கில் வையுங்கள்.

மார்க்கெட்டில்

சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வ.உ.சி. பூ மார்க்கெட். பனமரத்துப்பட்டி வட்டாரத்து அரளி, மல்லி, சம்பங்கி, சுற்றுக் கிராமத்து நந்தியாவட்டம் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ரோஜா, கார்னேஷன், ஜெர்பரா ஓசூர்ப் பக்கமிருந்து வரும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால், ஒரு சாதாரண நாளிலும் ஒரு முகூர்த்த நாளிலும் காலையில் போய் விலைப்பலகையை எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். டெக்கரேஷன்காரரிடம் பேசும்போது அந்தக் காகிதம் பேசும்.

பட்ஜெட்டைக் காப்பாற்றுகிற பூ ஒன்று உண்டென்றால் அது காக்கட்டான். மல்லிக்குச் சாதி உறவு, பார்க்க வெள்ளையாக அழகாக இருக்கும், வாசம் அநேகமாகக் கிடையாது. மல்லி குறைகிற பனிக்காலத்திலும் வரும். மேடைத் தொங்கல், வாசல் வளைவு, கார் அலங்காரம், தட்டு ஓரம் என்று வாசம் யாருக்கும் எட்டாத இடத்துக்கெல்லாம் மல்லி சரம் போடுவது வீண். அங்கே காக்கட்டானைப் போட்டுவிட்டு, மிச்சமாகிற காசில் மணப்பெண் ஜடைக்கும் வரவேற்புத் தட்டுக்கும் நல்ல குண்டுமல்லியோ ஜாதிமல்லியோ வாங்குங்கள். சிலர் மல்லிச் சரத்துக்கு நடுவே காக்கட்டானைக் கலந்து கட்டி மல்லி விலையிலேயே தந்துவிடுவார்கள். கலப்பது குற்றமில்லை, சொல்லிவிட்டுக் கலக்க வேண்டும்.

குண்டுமல்லி மொட்டைப் பார்க்கிற விதம்: நாலைந்து மொட்டை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். அன்றைய மொட்டு கெட்டியாக இருக்கும், வெள்ளையில் பச்சை ஓடிய நிறம், காம்பு இளம்பச்சை. நுனி செந்நிறமாகவோ, அடி மஞ்சளாகவோ, விரலால் அழுத்தினால் கொளகொளவென்றோ இருந்தால் நேற்றைய சரக்கு, இல்லாவிட்டால் மூட்டையில் வெந்த சரக்கு. செண்டுமல்லியைத் திருப்பிப் பாருங்கள். இதழைத் தாங்குகிற பச்சைக் கிண்ணம் கறுத்து வழவழத்திருந்தால் இரவுக்குள் உதிரும். ரோஜாவின் அடிப்பக்கம் விரலுக்குக் கெட்டியாக நிற்க வேண்டும். சம்பங்கியில் அடியிலுள்ள பூ பழுப்பேறியிருந்தால் விட்டுவிடுங்கள். எடை கூட்டத் தண்ணீர் தெளித்திருக்கிறார்களா என்று சாக்குக்குள் கைவிட்டுப் பார்ப்பது முக்கியம். ஈரச் செண்டுமல்லி மூட்டைக்குள் ஒரே ராத்திரியில் சூடேறி அழுகும். தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, காலையில் பாதியை வீசவும் வேண்டிவரும்.

முழமும் கிலோவும்

தலைப்பூவுக்குக் கணக்கு எளிது, ஆனாலும் யாரும் போடுவதில்லை. வருகிறவர்கள் 500 பேர் என்றால் பெண்கள் ஏறக்குறைய 250. ஆளுக்கு அரை முழம் என்றால் 125 முழம். வீட்டுப் பெண்கள், சம்பந்தி வீட்டுப் பெண்கள் 40 பேருக்கு ஆளுக்கு 2 முழம் வீதம் 80. ஆக 205. பத்து சதவீதம் கூட்டி 225 முழம் சொல்லிவிடுங்கள். மாலை வரவேற்புக்குப் பாதி, காலை முகூர்த்தத்துக்குப் பாதி என்று இரண்டு தவணையாக வாங்குங்கள். மொத்தமும் முதல் நாளே வந்துவிட்டால் காலையில் தட்டில் இருப்பது பழுத்த பூவாக இருக்கும்.

முழம் என்றால் முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை, சுமார் ஒன்றரை அடி. கையால் வேகமாக அளக்கும்போது அது ஒன்றேகால் அடியாகிவிடும். 225 முழத்தில் முழத்துக்குக் கால் அடி குறைந்தால் 56 அடி, அதாவது 37 முழம் உங்களுக்கு வராமலே போகும். ஒரு கயிற்றில் 15 அடிக்கு முடிச்சுப் போட்டு "இது பத்து முழம்" என்று கொடுத்துவிட்டால் சண்டையே வராது. உதிரிப்பூ வாங்கிக் கட்டக் கொடுப்பதென்றால் முதலில் 100 கிராம் மட்டும் கட்டச் சொல்லி அளந்து பாருங்கள். எத்தனை முழம் வருகிறது என்பது மொட்டின் பருமனையும் கட்டுகிற கையின் நெருக்கத்தையும் பொறுத்தது. அந்த 100 கிராம் கணக்கிலிருந்து மொத்தக் கிலோவைச் சொல்லிவிடலாம். கட்டுக்கூலி கிலோவுக்கா, முழத்துக்கா என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.

மேடை

சேலத்து மண்டபங்களில் 20 அடி அகல மேடையை எடுத்துக்கொள்வோம். பின்னணிக்கு 8 அடி நீளச் செண்டுமல்லிச் சரம், அடிக்கு ஒன்று என்று தொங்கவிட்டால் 21 சரம், 168 அடி. நடுத்தரப் பூ அடிக்கு 9 பிடிக்கும் என்றால் 1,512 பூ. கிலோவுக்கு 150 பூ கணக்கில் 10 கிலோ, சேதாரம் 15 சதவீதம் கூட்டினால் 12 கிலோவுக்குள். அரை அடிக்கு ஒன்று என்றால் 41 சரம், 328 அடி, சேதாரத்தோடு 23 கிலோ. பேக்கேஜ் விலை இரட்டிப்பாவது இந்த இடத்தில்தான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. வரவேற்பில் எடுக்கிற படங்களில் பெரும்பாலானவற்றில் மணமக்களைச் சுற்றி 8 அடி அகலம்தான் விழும். அந்த நடு 8 அடியில் மட்டும் அரை அடிக்கு ஒரு சரமாக 17, இரண்டு ஓரத்திலும் அடிக்கு ஒன்றாக ஆறு ஆறு என்று 12. மொத்தம் 29 சரம், 232 அடி, சேதாரத்தோடு 16 கிலோ. ஆல்பத்தில் நிறைந்த மேடையாகவே தெரியும். டெக்கரேஷன்காரரிடம் "நடுவில் நெருக்கம், ஓரத்தில் இளக்கம்" என்று சொன்னால் அவருக்கு உடனே புரியும், அவரும் செய்து பழகியதுதான்.

சரத்துக்குப் பின்னால் துணி. வாடகைத் துணியில் எண்ணெய்க் கறையும் ஊசி ஓட்டையும் இருக்கும், அருகே நின்று பார்த்தால் மனசு கெட்டுப்போகும். இளம்பிள்ளையில் மொத்த விலைக்குச் சேலை கிடைக்கிற ஊர்க்காரர்கள் நாம். சேலையையே பின்னணியாகக் கட்டலாம். ஒரு சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. நடுவில் மடித்துக் குழாயில் போட்டால் 9 அடி இரட்டையாக விழும். அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். 20 அடி மேடைக்குச் சுருக்கம் விழ 40 அடி துணி வேண்டும் என்றால் 11 சேலை. ஒரே நிறத்தில் அடர்த்தி, வெளிர் என்று இரண்டு தினுசு எடுத்து மாற்றி மாற்றிக் கட்டினால் ஆழம் தெரியும். ஊசி குத்தவோ, ஸ்டேப்ளர் அடிக்கவோ விடாதீர்கள், கிளிப் மட்டும்தான். கல்யாணம் முடிந்ததும் அந்த 11 சேலையும் முறைக்காரப் பெண்களுக்கு எடுத்துக்கொடுக்க வேண்டிய சேலைக் கணக்கில் கழிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: பாலியெஸ்டர் துணியும் துணிப்பூவும் தீப்பட்டால் உருகிச் சொட்டும். ஹோமகுண்டம், குத்துவிளக்கு இரண்டிலிருந்தும் குறைந்தது 5 அடி தள்ளியிருக்க வேண்டும்.

மாலை வரவேற்புக்கு ஒரு மேடை, காலைக்கு மணவறை என்று இரண்டு முழு அலங்காரம் எடுப்பது பெரும் செலவு. பின்னணி அப்படியே இருக்கட்டும். சோபாவை நகர்த்திவிட்டு நாலு கால் மணவறையை முன்னால் நிறுத்தி, குருத்தோலைத் தோரணம், மாவிலை, கமுகம்பாளை, இளநீர்க்குலை கட்டினால் முகூர்த்தத்துக்கு அதைவிட லட்சணம் வேறில்லை. குலை தள்ளிய வாழை ஒரு ஜோடி வாசலுக்கு, ஒரு ஜோடி மணவறைக்கு. வாழையை முதல் நாள் மாலைக்கு முன்னால் வெட்டிக் கொண்டுவந்துவிட்டால் காலையில் இலை கிழிந்து தொங்கும். கடைசியாகக் கட்ட வேண்டியது வாழைதான்.

ஜெர்பரா, கார்னேஷன் மாதிரி காம்புப்பூவைக் குத்தி நிறுத்த ஓயாசிஸ் என்கிற பச்சை நுரைக்கட்டி வைப்பார்கள். அதைத் தண்ணீரில் போட்டுத் தானாக முழுக விட வேண்டும். அவசரத்தில் கையால் அமுக்கினால் வெளியே மட்டும் நனைந்து உள்ளே காய்ந்தே இருக்கும், இரவு எட்டு மணிக்கு ஜெர்பரா எல்லாம் கழுத்தை மடித்துக்கொள்ளும். அந்த நுரை மக்கவும் மக்காது. வாழைமரத்தை ஒன்றரை அடித் துண்டாக வெட்டிக் குச்சியால் ஓட்டை போட்டுப் பூவைச் சொருகுவது நம் பக்கத்துப் பழைய முறை. மட்டைக்குள் இருக்கிற ஈரம் ஒரு ராத்திரிக்குத் தாராளம். வெட்டியதும் ஒரு மணி நேரம் சாய்த்து வைத்துச் சாறு வடிய விடுங்கள். வாழைக்கறை பட்டில் பட்டால் போகாது. ஜெர்பரா கட்டுக்கு 10, கார்னேஷனும் தாஜ்மஹால் ரோஜாவும் கட்டுக்கு 20 என்று வரும். "50 பூ" என்று சொல்லாமல் கட்டுக் கணக்கில் சொன்னால் மிச்சம் விழாது.

மாலை

முதலில் எத்தனை மாலை என்று உட்கார்ந்து எழுதுங்கள். குலதெய்வம், பிள்ளையார் கோயில், மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு ஜோடி, முகூர்த்த ஜோடி, இரு வீட்டுப் பெற்றோர். மாமன் வீட்டு மாலை முறைப்படி வந்துவிடும், அதை மறுபடி வாங்காதீர்கள். ஆனால் என்ன நிறம் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது, "மாமா, சந்தன நிறப் பட்டு எடுத்திருக்கோம், வெள்ளைச் சம்பங்கியில சிவப்புக் குஞ்சம் வச்சுச் சொல்லுங்க" என்று சொன்னால் அவருக்கும் சந்தோஷம்.

வரவேற்பு மாலை ஒன்றரை கிலோவுக்கு மேல் வேண்டாம். மூன்று மணி நேரம் நின்று படம் எடுக்கிற பிள்ளைகளின் கழுத்தை நினைத்துப் பாருங்கள். கனமான மாலை படத்துக்கு எடுப்பு என்பார்கள், ஒரு மணி நேரத்தில் இருவரும் அதைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிடுவார்கள். கட்டுகிறவரிடம் எடையைச் சொல்லி ஆர்டர் கொடுக்கலாம், அவர்கள் செய்து தருவார்கள்.

நீலம், வயலெட் நிறத்தில் வருகிற சம்பங்கி சாயம் ஏற்றியது. வியர்வையும் பன்னீரும் பட்டால் சாயம் இறங்கும். சேலம் வெண்பட்டு வேட்டி கட்டுகிற மாப்பிள்ளைக்கு அதை வாங்கவே கூடாது. அடர்சிவப்பு ரோஜா இதழ் நசுங்கினாலும் கறை விடும். மாலையின் பின்பக்கம், உடம்பில் படுகிற பக்கம், வெள்ளைச் சம்பங்கியோ இலையோ வைத்துக் கட்டச் சொல்லுங்கள். வாங்கும்போது ஈரக் கைக்குட்டையால் ஒரு பூவைத் துடைத்துப் பார்த்தால் சாயம் இருந்தால் தெரிந்துவிடும்.

அரளி

சேலத்தில் மலிந்து கிடைக்கிற பூ அரளி. வெள்ளை, மஞ்சள், செவ்வரளி என்று நிறமும் உண்டு, சரமாகக் கோத்தால் உயரத்தில் தொங்குவதற்கு அருமையான பூ. ஆனால் இலை, பூ, தண்டு அத்தனையும் இருதயத்தைத் தாக்குகிற விஷம். சாப்பாட்டுக் கூடத்து மேஜை, பழத்தட்டு, கேக், வெல்கம் டிரிங்க் தட்டு, குழந்தைகள் கை எட்டுகிற உயரம் எதிலும் அரளி வரக்கூடாது. அரளிக் குச்சியைப் பழம் குத்தவோ, தட்டு அலங்காரத்துக்கோ பயன்படுத்துவதைக் கண்டால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். டெக்கரேஷன் ஆட்களில் புதுப் பையன்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஆர்டர் காகிதத்தில் "அரளி ஏழடிக்கு மேல் மட்டும், சாப்பாட்டுக் கூடத்தில் கிடையாது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வாங்கிய பூவைக் காப்பாற்றுவது

முகூர்த்தம் காலை 6 மணி என்றால் அன்று பறித்த மொட்டு சந்தைக்கு வந்து கட்டி முடிவதற்குள் தாலி ஏறிவிடும். மணப்பெண் தலையில் இருக்கப்போவது முதல் நாள் மொட்டு. அது மாலை ஏழு, எட்டு மணிக்கே விரியத் தொடங்கும். அதைத் தள்ளிப்போட ஒரே வழி குளிர்ச்சி. மொட்டை ஈரம் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, வாழையிலையில் பொதிந்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அதன்மேல் ஒரு செய்தித்தாள் மடிப்புப் போட்டு, அதற்கு மேல் பூவை வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் மொட்டு கண்ணாடிபோலாகிப் பிறகு கறுக்கும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் மூச்சு முட்டிப் பழுக்கும். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதும் கெடுதல்தான், விரிந்த இதழில் துளி நின்ற இடமெல்லாம் பழுப்புப் புள்ளியாகும்.

பல வீடுகளில் பூவையும் சீர்வரிசைப் பழத்தட்டுகளையும் ஒரே அறையில், கதவைச் சாத்தி வைத்துவிடுகிறார்கள். பழுக்கிற வாழை, ஆப்பிள், மாம்பழம் எல்லாம் எத்திலீன் வாயுவை விடும். பூவை வாட வைக்கிற வாயு அது. கார்னேஷன் அதில் சுருண்டு மூடிக்கொள்ளும், ஆர்க்கிட் சோர்ந்துவிடும். பழத்துக்கு ஓர் அறை, பூவுக்கு ஓர் அறை. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இதே கணக்குதான்.

மேடை விளக்கும் பூவைக் கொல்லும். மேடையில் ஒளி பாய்ச்சுகிற பழைய பார் (PAR) விளக்கு ஒன்றே 500 முதல் 1,000 வாட் இழுத்து அடுப்புபோலக் காயும். எல்ஈடி பார் என்று எழுதி வாங்குங்கள், கரண்டு பில்லும் ஜெனரேட்டர் டீசலும் குறையும். நீலமும் வயலெட்டும் அடித்தால் மல்லி நீலமாகவும் கனகாம்பரம் செத்த நிறமாகவும் படத்தில் விழும். மணமக்கள் மேல் இளமஞ்சள் வெள்ளை, நிற விளக்கு ஓரத்துக்கு மட்டும். டெக்கரேஷன்காரரும் போட்டோகிராபரும் ஒருமுறை போனில் பேசிக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும்.

ஆட்களை அமர்த்துவது

மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது: வெளி டெக்கரேஷன்காரரை விடுவீர்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, சுவரில் ஆணி அடிக்கலாமா, முதல் நாள் எத்தனை மணிக்குச் சாவி கிடைக்கும்? அடுத்தடுத்த நாள் முகூர்த்தம் வந்தால் முந்தின கல்யாணக்காரர்கள் காலி செய்ய மூன்று மணியாகும், வரவேற்பு ஆறரைக்கு. மூன்றரை மணி நேரத்தில் மேடையைப் புதிதாகக் கட்ட முடியாது. பாதியில் நிற்கிற மேடைகளுக்கெல்லாம் அநேகமாக இதுதான் காரணம். சரங்களையும் பூப்பலகைகளையும் வெளியிலேயே முடித்துக் கொண்டுவந்து மாட்டுகிற மாதிரி வடிவத்தைத்தான் அந்த நாளுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். முந்தின நாள் கல்யாணக்காரர்கள் யார் என்று விசாரித்து, ஒரே டெக்கரேஷன்காரரிடம் சட்டத்தையும் துணியையும் பொதுவாக வைத்துக்கொண்டு பூவை மட்டும் மாற்றுவது இரண்டு வீட்டுக்கும் லாபம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

டெக்கரேஷன்காரரிடம்: அன்றைக்கு உங்களுக்கு எத்தனை மேடை, எங்கள் மேடையில் நிற்கப்போகிற மேஸ்திரி யார், காலை மணவறைக்கு எத்தனை மணிக்கு ஆள் வரும்? ஒரே முகூர்த்தத்தில் ஐந்து மேடை பிடித்தவர் நல்லவராகவே இருந்தாலும் உங்கள் மேடைக்கு வருவது கூலியாட்கள்தான். விலை ஏறினால் எந்தப் பூவுக்குப் பதில் எந்தப் பூ என்பதை நீங்களே எழுதிக்கொடுங்கள். ரோஜாவுக்குப் பதில் சாமந்தி, மல்லிக்குப் பதில் காக்கட்டான், எதற்கும் பதிலாகத் துணிப்பூ கிடையாது. பணம்: பதிவு செய்யும்போது கால்வாசி, பூ வாங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் பாதி, முகூர்த்தம் முடிந்து கால்வாசி. நடுவில் பாதி கொடுக்காவிட்டால் அவர் கடனுக்கு வாங்குவார், கடன் சரக்கு கடைசிச் சரக்காக இருக்கும். முழுதும் முன்னாலேயே கொடுத்துவிட்டால் காலை மணவறைக்கு ஆள் வர மாட்டார்கள். வண்டி வாடகை, ஆள் சாப்பாடு, இரவுப் படி, ஜிஎஸ்டி எல்லாம் உள்ளேயா வெளியேயா என்பதையும் எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்துகிற பிளாஸ்டிக்குக்குத் தடை. தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூச்சுக் காகித டம்ளர், தண்ணீர் பாக்கெட், நெய்யாத துணிப்பை எல்லாம் அதில் அடக்கம். தாம்பூலத்துக்கு மஞ்சப்பையே போதும்.

ஏற்காட்டில் வைத்தால்

மலையில் கல்யாணம் என்று ஆசைப்படுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற 20 அடிக் குழாயோடு குட்டி யானை ஏறினால் வளைவில் எதிர்வண்டிக்கு ஆபத்து. 10 அடித் துண்டாக இணைக்கிற சட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். வண்டி ஒரே நடையில் ஏறி, ஆட்கள் இரவு தங்கிக் காலையில் இறங்குகிற கணக்கில் பேசினால் மலிவு. மே மாதக் கோடை விழாச் சமயத்தில் பாதையும் தங்குமிடமும் நெரியும், மாலை மழையும் வரும். அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

குளிரில் ரோஜாவும் கார்னேஷனும் அழகாக நிற்கும். மல்லி அப்படியில்லை. கீழே ஏழு மணிக்கு விரிகிற மொட்டு மேலே மெதுவாகத்தான் விரியும், வாசமும் மட்டுப்படும். மாலை வரவேற்புக்கு மல்லி என்றால் கீழேயே கட்டி, மதியம் வரை ஐஸ் வைக்காமல் சாதாரண வெப்பத்தில் வைத்திருந்து ஏற்றுங்கள். திறந்தவெளியில் பனிமூட்டம் இறங்கினால் காகித அலங்காரம் தொங்கிப்போகும், ரோஜா இதழில் ஈரப்புள்ளி விழும். மேடைக்கு மேல் கூரை இல்லாமல் மலையில் எதுவும் செய்யாதீர்கள்.

மலையின் பெரிய லாபம் இலை. காப்பித் தோட்டங்களில் நிழல் மரம் கழிக்கிற சமயமாக இருந்தால் சில்வர் ஓக் கிளை கிடைக்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெள்ளி, காய்ந்தாலும் உருமாறாது. தோட்டக்காரரிடம் கேட்டு, காசு கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு வெட்டுங்கள். காட்டுக்குள் போய் பெரணியும் ஆர்க்கிட்டும் பறிப்பது சட்டப்படி குற்றம், மலைக்கும் கேடு.

கழற்றும்போது

சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் மேடையைப் பிரிக்க ஆள் வந்து நின்றுவிடுவார்கள். உங்கள் ஆளாக ஒருவர், அண்ணனோ சித்தப்பாவோ, காகிதத்தோடு அங்கே இருக்க வேண்டும். சேலை 11 எண்ணி வாங்கிக்கொள்வது, வாடகைக் குத்துவிளக்கு, தாம்பாளம், நாற்காலி உறை எண்ணித் திருப்பிக் கொடுப்பது, உடைந்ததை அங்கேயே பேசி முடிப்பது. செண்டுமல்லி, சாமந்தி, மாவிலை, வாழை மட்டை எல்லாம் எருக்குழிக்குப் போகலாம், வாழையை மாட்டுக்கும் போடலாம். அரளியை மட்டும் முதலிலேயே தனிச் சாக்கில் அள்ளிக் கட்டிவிடுங்கள். மண்டபத்துப் பின்பக்கக் குப்பையில் ஆடு மாடு மேய்கிற இடத்தில் அதைக் கொட்ட விடாமல், சாக்கு வண்டியில் ஏறியதைப் பார்த்த பிறகு கடைசிக் கால்வாசிப் பணத்தைக் கொடுங்கள்.